எண்ணெய்த் துணி

அந்த வீட்டுப் பின்பக்கத்து ஷெட்டில் பதினோரு டப்பாக்கள் இருந்தன. எல்லாமே நான் விட்டுப்போனவை. "மிச்ச பெயிண்ட் இருக்கட்டும், கீறல் விழுந்தா தொட்டு வச்சிக்கலாம்" என்று எல்லா வீட்டிலும் சொல்வதை ஆறு வருடத்துக்கு முன் இங்கேயும் சொல்லியிருந்தேன். யாரும் தொட்டு வைப்பதில்லை. டப்பா துருப்பிடிக்கும், கடைசியில் ஒருநாள் சாக்கடையில் கவிழ்ப்பார்கள். இந்த வீட்டு மகளுக்கு அந்த மட்டுக்கும் பொறுப்பு இருந்தது. போன் செய்து, "வீட்டை விக்கிறோம், பெயிண்டர். அந்த டப்பாவையெல்லாம் முறையா அப்புறப்படுத்திக் குடுங்க" என்றாள். நான் கேட்காமலேயே தொடர்ந்தாள். "அப்பாவை முதியோர் இல்லத்துல சேர்க்கிறோம், வர்ற திங்கக்கிழமை. எனக்கு ரெண்டு சின்னப் பிள்ளைங்க. அவரைக் கூட வச்சிக்கப் பயமா இருக்கு." அவள் பயப்பட வேண்டிய ஆள் அவர் இல்லை, நான்.

ஆறு வருடத்துக்கு முன் அந்த வீட்டுக் கதவு, ஜன்னல், மாடிப்படிக் கைப்பிடி எல்லாவற்றுக்கும் ஆளிவிதை எண்ணெய் பூசினேன். தொழிலில் எனக்குச் 'சுத்தக்காரர்' என்று பட்டப்பெயர். மற்றவன் வேலை செய்தால் வீடு போர்க்களம் மாதிரி கிடக்கும். நான் போன வீட்டில் நான் வந்துபோன சுவடே தெரியாது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அன்றும் பதினோரு மணிக்கு, இன்னொரு வீட்டில் அளவெடுக்கக் கிளம்பும்போது, எண்ணெய் துடைத்த துணிகளைப் பிழிந்து, உருட்டி, பையில் அமுக்கிக் கட்டி, மாடிப்படிக்குக் கீழே கண்ணில் படாமல் செருகிவிட்டுப் போனேன். சாயங்காலம் திரும்பியபோது தெருவே அந்த வாசலில் நின்றது. மாடிப்படிக்குக் கீழே தீப்பிடித்திருந்தது. படிக்குப் பக்கத்து அறையில் படுத்த படுக்கையாய் இருந்த அந்த வீட்டு அம்மா புகையிலேயே போய்விட்டிருந்தார். பெரியவர் அந்தப் படியில் உட்கார்ந்துதான் சிகரெட் பிடிப்பார். அன்றும் பிடித்திருந்தார். கேட்கவா வேண்டும்? "அணைச்சேனா இல்லையான்னே தெரியலையே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதவரை யாரும் போய்ப் பிடிக்கவில்லை. நானும்தான்.

சிகரெட்தான் காரணம் என்று மூன்று வருடம் நானும் நம்பினேன், சத்தியமாக. அப்புறம் ஒருநாள் என் ஸ்கூட்டர் பெட்டிக்குள் கட்டிப் போட்டிருந்த எண்ணெய்த் துணி தானாகப் புகைந்தது. பெயிண்ட் கடைக்காரரிடம் சொன்னதற்குச் சிரித்தார். "டப்பாவுலயே போட்டிருக்கானே! துணியைத் தண்ணியில முக்கி வைக்கணும், இல்ல, ஒண்ணொண்ணா விரிச்சுக் காயப்போடணும். உருட்டி வச்சா உள்ளுக்குள்ளயே சூடேறிப் பத்திக்கும். இத்தனை வருஷமா என்ன தொழில் பண்றீங்க?"

பேய் பிசாசையெல்லாம் நம்புகிறவன் இல்லை நான். ஆனால் அன்றிலிருந்து அந்த அம்மா வருகிறார். எங்கே துணியைப் பிழிந்தாலும் பக்கத்தில் ஒரு கட்டில் கிடக்கிறது மாதிரி இருக்கும். "வேலை முடிய இன்னும் எத்தனை நாள் தம்பி?" என்று அன்று காலையில் கேட்ட அதே முகம். கோபமாக இருந்தாலாவது தேவலை. என் வீட்டுக் கொடியில் துணிகளை ஒவ்வொன்றாக விரித்துவிட்டு அரைமணிக்கு ஒருதரம் போய்த் தொட்டுப் பார்ப்பேன். "பிள்ளைக்குக் காய்ச்சலா, இப்படித் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறீங்க?" என்று என் மனைவி கேலி செய்வாள். அவளிடம்கூடச் சொல்லவில்லை. மூன்று வருடம் தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தேன். கோழை, வேறென்ன.

சனிக்கிழமை காலையில் போனேன். மகள் பத்திர ஆபீசுக்குக் கிளம்பிப் போயிருந்தாள். பெரியவர் கொல்லைப்புறத்து நாற்காலியில் உட்கார்ந்து நான் செய்வதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் பெயிண்ட் டப்பாக்களில் மணலைக் கொட்டிக் கிளறி வெயிலில் திறந்து வைத்தேன். கல்லாக இறுகினால்தான் குப்பையில் போடலாம். தின்னரையும் எனாமலையும், நகராட்சி ரசாயனக் கழிவு வாங்குகிற இடத்துக்குக் கொண்டுபோகத் தனியாகக் கட்டினேன்.

"எரியிற சாமானையெல்லாம் முதல்ல கொண்டு போயிடுங்க," என்றார் பெரியவர். "நான் இருக்கிற வீடாச்சே." சிரிக்கவும் செய்தார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "ஐயா, அது உங்க சிகரெட் இல்ல. என் துணி," என்று ஆரம்பித்து ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கையை உதறினார். "காதுல பூ சுத்தாதீங்க. நெருப்பே இல்லாம துணி பத்துமா? திங்கக்கிழமை போறவனுக்கு ஆறுதல் சொல்லி அனுப்புறீங்களாக்கும்."

கடைசி டப்பாவில் இருந்தது அதே எண்ணெய்தான். மேலே படிந்திருந்த ஏட்டைக் கிழித்தேன். என்னிடமிருந்த அத்தனை துணியையும் நனைத்துப் பிழிந்து, உருட்டி, ஓர் இரும்பு வாளியில் அமுக்கினேன். சுற்றிலும் ஒன்றுமில்லாத சிமெண்ட் தரையில், வெயிலில் வைத்தேன். பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீர். பத்தரை மணி. இரண்டு பேரும் உட்கார்ந்தோம். தீப்பற்றாமலே போய்விட்டால் நான் சொன்னது பொய்யாகும், நான் தப்பிப்பேன் என்று ஒரு நினைப்பு உள்ளே ஓடியது. சீ, என்ன ஜென்மம் நான்!

பன்னிரண்டரை மணிக்கு ஒரு வாடை வந்தது. பெரியவர் எழுந்து போய் வாளிக்கு மேலே கையை நீட்டினார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். மறுபடி நீட்டினார்.

"சுடுதே," என்றார். "ஆமா, சுடுதே."

ஒரு மணிக்கு மேல் நடுவிலிருந்து மெல்லிசாகப் புகை கிளம்பியது. அடிப்பார் என்று காத்திருந்தேன், அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "அவ என்னைக் கூப்பிட்டிருப்பா," என்றார் புகையிடம். "நான் மாடியில ரேடியோ கேட்டுட்டு இருந்தேன்."

கேட் படாரென்று திறந்தது. சுவருக்கு மேலே புகையைப் பார்த்துவிட்டுத் தெருவிலிருந்தே ஓடி வந்திருக்கிறாள் மகள். ஒரு காலில் செருப்பில்லை. வாளியையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "என்ன பண்ணி வச்சிருக்கீங்க?" என்று அவரிடம் கத்தினாள். அவள் கண் நேராக அவர் விரல்களுக்குத்தான் போனது.

நான் தூக்கிய குடத்தை ஊற்றாமல் கீழே வைத்தேன். அவளும் இதைப் பார்க்க வேண்டும். "நான்தாம்மா" என்றேன். பெரியவர் இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே உயர்த்தினார். விரல்களை விரித்து, உள்ளங்கையும் புறங்கையுமாக மாற்றி மாற்றி அவளுக்குக் காட்டிக்கொண்டே நின்றார்.