வெல்னி ஏறிய பலகை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் வெள்ளைச் சட்டையில் கொட்டிய பலாக்காய்க் குழம்பிலிருந்து பிறந்தது. கறை போகவில்லை. சட்டைதான் பாழ், கதையாவது மிஞ்சட்டும் என்று எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: [புக்கித்திங்கிச் சந்தையின் மேல் மலைப்பனி கவிந்திருந்த அந்த]

வேண்டாம். பனியை யார் கேட்டார்கள்? இது பசித்தவனுக்குச் சோறு போடும் கடை.

இரண்டாவது: [தாய்மை என்பது]

ஐயையோ!

2

நேராகவே வருகிறேன். புக்கித்திங்கி என்ற மலையூரின் சந்தையில் ஷம்சிதாரும் அவர் மகள் வெல்னியும் சோற்றுக்கடை நடத்துகிறார்கள். கப்பாவ் ஊர்ப் பெண்களின் கடை. குழம்புச் சட்டிகள் படிப்படியாக இறங்கி நிற்கும். பின்னால் உயரமான பலகையில் ஒருத்தி உட்கார்ந்து, நீளக் காம்பு போட்ட கொட்டாங்கச்சி அகப்பையால் எட்டி எட்டி அள்ளிப் போடுவாள். பலகையில் யார் உட்காருகிறாரோ, கடை அவருடையது. வீட்டு ஆண்கள் தேங்காய் துருவலாம், விறகு பிளக்கலாம், பலகைப் பக்கம் வரக்கூடாது. (இங்கே சொத்தெல்லாம் பெண்வழிதான். இந்த ஊரில் பெண் எடுத்தவன் நான், என் வீட்டில் என் நிலைமையைக் கேட்காதீர்கள்.)

ஷம்சிதாருக்குப் பிறகு பலகை மகளுக்கு. மகளால் முடியாவிட்டால் ஷம்சிதாரின் தங்கை மர்லிஸுக்கு. இது குடும்பத்தில் பேசி வைத்தது.

சிக்கல் என்னவென்றால், வெல்னிக்கு நொட்டாங்கை. சமையல் முழுக்க அவளுடையது. ஆனால் நொட்டாங்கையால் சோறு பரிமாறினால் இந்த ஊரில் எவன் தின்பான்? அதனால் அடுப்படியைத் தாண்டி அவள் மேலே ஏறியதே இல்லை. கீழே நின்று அந்தப் பலகையை அண்ணாந்து பார்ப்பாள். அந்தப் பார்வையை நான் பார்த்திருக்கிறேன். மனசு கேட்காது.

3

இந்த இடத்தில் ஷம்சிதாரை ஒரு கொடுமைக்காரத் தாயாக எழுதினேன். மோதல் வேண்டுமே! எழுதியதைக் கடையிலேயே வாசித்துக் காட்டினேன்.

"ஏன் தம்பி, எம்மகளை நான் அடிச்சதை நீ பார்த்தியா?"

"இல்ல உனி," என்றேன். அக்கா என்பதற்கு இங்கே அதுதான் சொல். "கதைக்கு வேணும்."

"கதைக்கு வேணும்னா உன் மாமியாரை எழுதேன். தைரியம் இருக்கா?"

வெல்னி அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். "அமாக், இவரு கதையில கடைசியில யாராச்சும் செத்துருவாங்க. இந்தத் தடவை நீங்கதான் போல."

"அம்மாவைக் கொல்றதுன்னா கொல்லட்டும். சந்தை நாள்ல மட்டும் வேணாம்னு சொல்லு, வியாபாரம் கெட்டுரும்."

கொடுமைக்காரியைப் பேனாவால் அடித்துவிட்டேன். ஆனாலும் இந்த அம்மாள் மீது எனக்கு வேறொரு சந்தேகம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

4

அன்று சனிக்கிழமை, பெரிய சந்தை. ஷம்சிதார் வலது தோளில் பச்சிலை வைத்துக் கட்டிக்கொண்டு கீழே நின்றிருந்தார். கையைத் தூக்க முடியவில்லையாம். மர்லிஸ் புது முக்காடு போட்டு, சொந்த அகப்பையோடு வந்து நின்றார்.*

"அக்கா, நான் ஏறட்டுமா?"

"முதல்ல எம்மக ஏறட்டும். முடியலன்னா நீ ஏறு."

வெல்னி ஏறினாள். இடது கையில் தட்டு, பழக்கமில்லாத வலது கையில் அகப்பை. முதல் தட்டு எனக்கு. பலாக்காய்க் குழம்பு சோற்றைத் தாண்டி நேராக என் நெஞ்சில் இறங்கியது.

"போதும், இறங்குடி," என்றார் மர்லிஸ். "ஆள் மேலயே சோறு போடுற!"

வரிசையில் சிரிப்பு. வெல்னியின் முகம் வெளுத்துவிட்டது. ஒரு காலைக் கீழே வைத்தும்விட்டாள். [அவள் கண்களில் ஒரு துளி] இல்லை, அழவில்லை. நான்தான் அழ வைக்கப் பார்த்தேன்.

"பியாக்!" கீழேயிருந்து மகளைக் கூப்பிடும் அம்மாவின் குரல். "யார் கையையோ கடன் வாங்கிப் போடாதே. உன் கையால போடு."

வெல்னி அம்மாவையே பார்த்தாள். பிறகு காலை மேலே இழுத்துக்கொண்டு கை மாற்றினாள். இடதில் அகப்பை, வலதில் தட்டு.

"நொட்டாங்கை! பாருங்கய்யா, நொட்டாங்கையால அள்ளுறா!" மர்லிஸ் சந்தைக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

வெல்னி நிமிரவே இல்லை. சோறு, கீரை, முட்டை அடைத்த குடல், மேலே குழம்பு. ஒரு பருக்கை சிந்தவில்லை. முட்டைக்கோஸ் லாரி ஓட்டுநரிடம் தட்டை நீட்டினாள்.

"சின்னம்மா, இப்ப இவருக்குத் தட்டு எந்தக் கையில போச்சு?"

ஓட்டுநர் தட்டைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார். "வலது கையிலதான் தந்துச்சு. மரியாதையாத்தான் தந்துச்சு. நீ இன்னும் கொஞ்சம் குழம்பை ஊத்தும்மா."

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. பலகையில் உட்காரும் எல்லாரும் இடதில் தட்டை ஏந்தி வலதில் அள்ளுவார்கள். கொடுக்கும்போது அகப்பையைக் கீழே வைத்து, தட்டைக் கை மாற்றி நீட்ட வேண்டும். வெல்னிக்கு அந்த வேலையே இல்லை. அள்ளினாள், கொடுத்தாள். அள்ளினாள், கொடுத்தாள். பக்கத்துக் கடை வரிசையிலிருந்து ஆட்கள் நழுவி இங்கே வந்தார்கள். ஷம்சிதார் கீழே நின்று, "வாங்க வாங்க, எம்மக கடை, எம்மக கடை!" என்று தொண்டை கிழியக் கூவினார். மதியத் தொழுகைக்கு முன்பே சட்டிகள் காலி. மர்லிஸ் கடைசித் தட்டை வாங்கித் தின்றார். மறுசோறும் கேட்டார்.

* மர்லிஸ் தானாக வரவில்லை. முந்தின நாளே ஆள் விட்டு அவரை வரச்சொன்னது ஷம்சிதார்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

5

இலக்கியமாக முடிக்க இரண்டு வழி வைத்திருந்தேன். ஒன்று: அம்மா வெறுங்கையோடு வீட்டுக்கு நடக்கிறார், பின்னால் [தனிமையின்] சேச்சே. இரண்டு: மகள் பட்டணத்துக்குப் போய்விடுகிறாள். எங்கே போவாள்? இழுத்தாலும் பலகையை விட்டு இறங்கமாட்டாள்! ஜெயித்தவர்களை ஜெயித்ததாக எழுதுவதில் எனக்கென்ன கஷ்டம்? ஜெயித்தார்கள். அம்மாவும் மகளும் சேர்ந்து ஜெயித்தார்கள்.

6

அந்தச் சந்தேகத்துக்கு வருகிறேன். ஷம்சிதாரின் தோளில் பச்சிலைக் கட்டு இன்னும் இருக்கிறது. போன வாரம் கடை திறக்குமுன்பே போய்விட்டேன். ஷம்சிதார் குழம்பு நிறைந்த பெரிய சட்டியைத் தலைக்கு மேல் தூக்கி, உச்சிப் படியில் வைத்துக்கொண்டிருந்தார். அதுவும் வலது கையால். திரும்பினார், என்னைக் கண்டார், சட்டென்று தோளைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன பார்த்த?"

"ஒண்ணும் பார்க்கல உனி."

"நல்ல பிள்ளை. உட்காரு." மேலே பார்த்துக் குரல் கொடுத்தார். "பியாக், தம்பிக்கு முட்டை அடைச்ச குடல் ரெண்டாப் போடு!"

தட்டு வந்தது, வலது கையிலிருந்து.

அந்தத் தோள் எப்போது குணமானது, அன்றைக்கு உண்மையில் வலித்ததா என்பதையெல்லாம் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். என்னைக் கேட்காதீர்கள், என் வாய் நிறையச் சோறு இருக்கிறது.