கை அசைந்தால் பச்சை

களியக்காவிளைக்குப் போகும் சாலையில் பகவதியப்பன் முதலாளியின் அண்டியாபீஸ் இருக்கிறது. முந்திரிக்கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கும் இடத்துக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். தோலுரிக்கும் கொட்டகையில் நாற்பது பெண்கள். அவர்களுக்குச் சூப்பர்வைசர் ஞானதாசன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வரிசைகளுக்கு நடுவே மேலும் கீழும் நடந்து, "பேச்சக் கொறைங்க" என்று சொல்வது அவருடைய வேலை. இருபத்திரண்டு வருடமாக அதை ஒரு குறையும் இல்லாமல் செய்துவந்தார். பேச்சுதான் குறையவில்லை.

முழங்கால் மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு பகவதியப்பன் வீட்டோடு இருந்துவிட, மகன் அபிலாஷ் பொறுப்புக்கு வந்தான். பெங்களூரில் படித்து, துபாயில் இரண்டு வருடம் இருந்தவன். வந்த மாதமே கொட்டகையில் நான்கு கேமரா மாட்டினான். சாதாரணக் கேமரா இல்லை, ஏஐ கேமரா.

"அண்ணா, இது வெறும பாக்காது. பாத்து மனசிலாக்கும்," என்றான் ஞானதாசனிடம். "ஒருத்தி எவ்வளவு உரிச்சாண்ணு இதுவர நமக்கு எப்பம் தெரியும்?"

"சாயங்காலம் தராசுல வச்சா தெரியும்."

"பாத்தியளா? சாயங்காலந்தான் தெரியும். இதுல நிமிசத்துக்கு நிமிசம் தெரியும்."

ஞானதாசனுக்கு அது பிடித்துப்போனது. தன் பேச்சைக் கேட்காதவர்கள் இயந்திரத்தின் பேச்சையாவது கேட்பார்கள் என்று நினைத்தார்.

சுவரில் பெரிய டிவி வந்தது. அதில் ஆளுக்கொரு கட்டம். வேலை நடந்தால் பச்சை, மந்தமானால் மஞ்சள், சும்மா இருந்தால் சிவப்பு. முதல் நாளே முதலிடம் பிடித்தவள் பிந்து. கையை ஆட்டாமல் அவளுக்கு ஒரு வாக்கியம் பேச வராது. அன்று காலையில் நாத்தனாரோடு நடந்த சண்டையை இரண்டு பேருடைய வசனத்தோடும் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அவள் சட்டியில் பாதிப் பருப்பு தோலோடு கிடந்தது. கட்டம் பச்சைப்பசேல் என்று இருந்தது.

கடைசி இடம் லீலாபாய்க்கு. கொட்டகையில் அவளை மிஞ்சிய கைக்காரி கிடையாது. பருப்பை விரல் நுனியில் நிறுத்திக் கத்தி முனையால் ஒரு தொடு தொடுவாள், தோல் கழன்றுவிடும். தோள் அசையாது, முழங்கை அசையாது, பருப்பு உடையாது. மற்றவர்கள் ஆறு கிலோ முடிக்கும் நேரத்தில் அவள் எட்டு கிலோ முடித்துவிட்டு வெந்நீர் குடித்துக்கொண்டிருப்பாள். கேமரா அவளைக் காலையிலிருந்து உறங்குவதாகக் குறித்திருந்தது.

ஞானதாசன் தயங்கித் தயங்கி அபிலாஷிடம் சொன்னார். "லீலாக்க கட்டம் செவப்பா கெடக்கு. கூடுதல் உரிக்கது அவளாக்கும். எங்கயோ தப்பிருக்கு."

"தப்பு மனுசனுக்குத்தான் வரும்ணா. இது டேட்டா."

 ஞானதாசன் திரும்பி வந்துவிட்டார்.

பெண்களுக்குச் சூட்சுமம் பிடிபட இரண்டே நாள் ஆனது. ஒருத்தி இல்லாத ஈயை ஓட்டினாள். ஒருத்தி வெறும் சட்டியைத் துழாவினாள். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் இரண்டு பேர் கைகளை உயர்த்திப் பாடவே ஆரம்பித்தார்கள். டிவி கன்னிப்பூ சாகுபடி நெல்வயல்போலப் பச்சையாக விரிந்து கிடந்தது. சாயங்காலம் தராசில் முக்கால்வாசிதான் ஏறியது, அதிலும் பாதி உடைசல். அபிலாஷ் டிவியைப் படம் பிடித்து, உற்பத்தித்திறன் நாற்பது சதவீதம் உயர்ந்ததாக ஸ்டேட்டஸ் போட்டான். பருப்பு ஏன் குறைந்தது என்று கேட்டதற்கு, "அது சீசன்ணா," என்றான்.

அடுத்த வாரம் ஞானதாசனையே அறைக்குக் கூப்பிட்டான். கணினியில் ஒரு சிவப்புக் கட்டம், அதன் கீழே அவர் பெயர்.

"எனக்குச் சொல்ல சங்கடமா இருக்கு. எட்டு மணிக்கூறும் உங்களுக்க கையே காணேல்ல."

"முதுகுக்குப் பொறவால இருந்துது மக்கா."

"சிஸ்டத்துக்கு அது தெரியாதுல்லா."

அன்றிலிருந்து ஞானதாசன் கையை வீசி நடந்தார். தென்னந்தோப்பில் காக்கை விரட்டுகிறவரைப்போல ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை வீசினார். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் இடது கை தானாக ஆடியது. "ஆர விளிக்குதீய?" என்று மனைவி கேட்டாள். மாதக் கடைசியில் 'சிறந்த பணியாளர்' என்று அவர் படம் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்தப் படத்தை மகளுக்கு அனுப்பிவைத்தார்.

லீலாபாய் மட்டும் ஆட்டவில்லை. "அக்கா, சும்மா ரெண்டு தடவ வீசுங்க. கை தேஞ்சா போவும்?" என்று பிந்து கெஞ்சினாள்.

"கை ஆடினா பருப்பு ஒடையும் மக்கா," என்றாள் அவள்.

மூன்று வாரம் தொடர்ந்து சிவப்பு. இயந்திரமே ஒரு கடிதம் எழுதியது. 'அன்புள்ள லீலாபாய், உங்கள் பயணத்தில் பங்குகொண்டதில் பெருமைப்படுகிறோம்' என்று தொடங்கி, நாளை முதல் வரவேண்டாம் என்று முடிந்தது. அதைக் கொடுக்கும் வேலை ஞானதாசனுக்கு.

அவள் வாசித்துவிட்டுத் தலை நிமிர்ந்தாள். "நான் எங்க சாரே பயணம் போனேன்?"

"அது மெசின் எழுதினது."

"செரி. நீங்க என்ன சொல்லுதிய?"

 ஞானதாசனின் வலது கை கேமராவுக்காக ஆடிக்கொண்டே இருந்தது. லீலாபாய் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு கத்தியைத் துடைத்துக் காகிதத்தில் சுற்றி, பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு மாதத்தில் கொல்லத்துக்குப் போன சரக்கு அப்படியே திரும்பி வந்தது. எல்லாம் உடைசல். பகவதியப்பன் கம்பூன்றி வந்து சாக்குக்குள் கைவிட்டுத் துழாவினார். ஒரு முழுப்பருப்பு தேற வெகுநேரம் ஆனது.

"லீலா எங்கடே?" என்றார்.

கருங்கல் பக்கம் புதிதாகத் தொடங்கிய ஒரு தகரக் கொட்டகையில் இருந்தாள் லீலாபாய். கூடவே இங்கிருந்து போன ஆறு பேர். அங்கே ஒரு ரேடியோவும் ஒரு தராசும் இருந்தன. ஞானதாசன் வாசலில் நின்று வந்த காரியத்தைச் சொன்னார்.

"முதலாளி விளிக்காரு. செவப்பு பச்ச ஒண்ணும் இனி இல்லியாம்."

"கேமராவ களத்தியாச்சா?"

"களத்தேல்ல. துணி போட்டு மூடிருக்கு."

லீலாபாய் சிரித்துவிட்டாள். பிறகு கேட்டாள். "சாரே, அந்தக் கடிதத்த தரும்போ, எனக்க வேல எப்படீண்ணு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"கேமராவுக்குத் தெரியாது. அதுக்க மேல எனக்கு வெசனம் இல்ல."

ஒரு கிளாஸ் சாயா கொடுத்தாள். நின்றுகொண்டே குடித்தார். வருகிறேன் என்றோ வரமாட்டேன் என்றோ அவள் சொல்லவில்லை. அடுத்த பருப்பை எடுத்து விரல் நுனியில் வைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்து, அவள் வரமாட்டாள் என்று அபிலாஷிடம் சொன்னார். அவன் கைபேசியை நீட்டினான். போனவர்கள் ஏன் போனார்கள் என்று பதிந்தால்தான் சிஸ்டம் பாடம் கற்குமாம். திரையில் நான்கு காரணங்கள் இருந்தன: திருமணம், உடல்நலம், தூரம், குடும்பச் சூழல்.

"நாலுல ஒண்ண அமத்துங்கண்ணா. இல்லேன்னா அடுத்த பக்கம் போவாது."

ஞானதாசன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தார். லீலாபாய் வீட்டிலிருந்து இந்த ஆபீஸ் ஐந்து நிமிட நடை. கருங்கலுக்கு அவள் இரண்டு பஸ் ஏறிப் போகிறாள்.

'தூரம்' என்பதை அழுத்தினார். திரை நன்றி சொன்னது.