திரை உயரும் வரைக்கும் செயலாளர்

நாடக ரசிகர் மன்றத்து விதிப்புத்தகத்தில் ஆறாவது விதியை எழுதியவர் செயலாளர் பொத்தான்காரரேதான். ‘நாடகத்தின் திரை மறுபடி உயரும் வரைக்கும் இப்போதைய செயலாளரே பொறுப்பில் இருப்பார், நடுவில் விலகக் கூடாது.’ எழுதிய நாளில் மறுபடி என்றால் எட்டு மாதம், இழுத்தடித்தால் ஒரு வருடம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கூரையைப் பழுது பார்க்கத்தான் அரங்கத்தை மூடியிருக்கிறார்கள் என்று பேச்சு. அதற்குள் செயலாளர் பதவிக்கு அடிதடி வந்துவிடக் கூடாதே என்று முன்ஜாக்கிரதையாக ஒரு விதி. பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. இப்போது அந்தப் பதவியைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் இல்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். இவர் சொந்தக் கையெழுத்தில் வைத்துக்கொண்டார்.

நாற்பது வருடம் பொத்தானும் ஜிப்பும் ஊக்கும் விற்ற கடையைப் போன வருடம் கைமாற்றிவிட்டார். மனைவி அதற்கும் முன்னாலேயே மகள் ஊருக்குப் போய்விட்டாள். மகளுக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒன்று தூங்கினால் மற்றது விழிக்கிற ரகம். ‘கடையை முடிச்சுட்டு வந்துடுறேன்’ என்றவர் கடை முடிந்தும் போகவில்லை. தடுத்தது ஆறாவது விதி. யாரும் கோர்ட்டுக்குப் போகப் போவதில்லை, பேசாமல் பெட்டியைக் கட்டியிருக்கலாம். ஆனால் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவருக்குக் கையெழுத்துப் போட்ட காகிதத்தை மீறுவது, விற்ற சரக்கை வீடு தேடிப்போய்ப் பிடுங்கி வருவது மாதிரி. பேரம் நடக்கும்போது ஆயிரம் பொய் சொல்லலாம். கைகொடுத்த பிறகு அரைப் பொய் கூடாது.

அந்தச் சனிக்கிழமை காலையில் மனைவி போன் செய்தாள்.

“மாடி ரூமுக்கு வாடகைக்கு ஆள் வந்து கேக்குறாங்க. மாப்பிள்ளை உங்களுக்காகத்தான் வெச்சிருக்கார். வர்றீங்களா, இல்லையா?”

“இன்னைக்குக் கூட்டம் இருக்கு. முடிவு தெரிஞ்சுடும்.”

“பத்தொன்பது வருஷமா இன்னைக்குத்தான் தெரியுது. தெரியலன்னா ராத்திரி சொல்லிடுங்க, ரூமை விட்டுடலாம். வாசல்ல நின்னு எதிர்பார்த்து எதிர்பார்த்து எனக்குக் காலே வலிக்குது.”

கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பார். அவள் அலுத்துப்போய்ச் சொன்னாள். ‘ராத்திரி சொல்றேன்’ என்று போனை வைத்தார்.

முடிவு தெரியும் என்று அவர் சொன்னதில் இந்த முறை பொய்யும் இல்லை. ‘மூன்றாம் நாள் தந்தி’ என்ற அந்த இசை நாடகத்தைத் திரும்ப மேடையேற்ற ஒரு இயக்குநர் முன்வந்திருந்தார். தந்தி ஆபீஸில் வேலை பார்க்கும் ஒருத்தி, தன் காதலனைக் கடல் தாண்டி வேலைக்கு அழைக்கும் தந்தியை மூன்று நாள் மேசை இழுப்பறையில் ஒளித்து வைக்கிறாள். அந்த மூன்று நாளுக்குப் பதினேழு பாட்டு, நாலு மணி நேரம். இசையமைத்தவர் உயில் எழுதும்போது பெற்ற பிள்ளைகளை நம்பாமல் ரசிகர்களை நம்பினார்: மன்றச் செயலாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் யாரும் அதைப் போடக் கூடாது என்று எழுதிவைத்துவிட்டுப் போய்ச்சேர்ந்தார்.

‘பழசை அப்படியே போடச் சொன்னாலும் சரி, காலத்துக்கு ஏற்றபடி மாற்றச் சொன்னாலும் சரி. ஏதாவது ஒன்றைச் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எழுதிக் கொடுங்கள்,’ என்று இயக்குநர் கடிதம் போட்டிருந்தார். தவறினால் அவர் பிடித்துவைத்திருக்கும் அரங்கத் தேதிகள் ஒரு மேஜிக் காட்சிக்குப் போய்விடும். இதற்கு முன்னும் மூன்று பேர் இப்படிக் கேட்டார்கள். பதில் வருவதற்குள் ஒருவர் தொழிலையே மாற்றிக்கொண்டார். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்று எவனோ சொல்லிவைத்தான். அவன் இந்த மன்றத்துக் கூட்டத்துக்கு வந்ததில்லை.

மன்றம் டயர் கடைக்கு மேல் இருந்தது. இரண்டு மணிக்கே முப்பத்தோரு பேர் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்துவிட்டார்கள். ஜன்னல் வழியே ரப்பர் வாடை வந்துகொண்டிருந்தது. வழக்கம்போல இடது பக்கம் பழசு, வலது பக்கம் புதுசு. நடுவில் ஆள் நடக்க ஒரு சந்து. அதில் பத்தொன்பது வருடமாக நடப்பவர் பொத்தான்காரர் மட்டும்.

பழசுக்குத் தலைவி பல் டாக்டரம்மா. வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியதால், எதிரே இருப்பவர் பதில் சொல்லக்கூடும் என்ற நினைப்பே அவருக்குக் கிடையாது. நாடகத்தை அறுபத்தொரு தடவை பார்த்தவர். புதுசுக்குத் தலைவர் பஸ் கண்டக்டர் ஒருவர். நாற்பது வயது. மேடையில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பழைய கேசட்டைக் கேட்டுக் கேட்டே பதினேழு பாட்டையும் இருமல் உட்பட மனப்பாடம் செய்தவர்.

“தந்தின்னா என்னன்னு இன்னைக்குப் பிள்ளைங்களுக்குத் தெரியுமா டாக்டரம்மா? போன்னு மாத்திட்டா முடிஞ்சுது,” என்று கண்டக்டர் ஆரம்பித்தார்.

“போன்ல வர்ற சேதியை மூணு நாள் எப்படிப்பா ஒளிச்சு வைப்பா?”

“சார்ஜ் போயிடுச்சுன்னு வெச்சுக்கலாம்.”

“மூணு நாளா? பதினேழு பாட்டு பாடத் தெரிஞ்சவளுக்கு ஒரு சார்ஜர் தேடத் தெரியாதா?”

இடது பக்கம் சிரித்தது. டாக்டரம்மா விடவில்லை. “நீ மேடையில ஒரு தடவை பார்த்திருந்தா இப்படிப் பேச மாட்டே. கேசட்டுல கேட்டவன்தானே.”

“நீங்க அறுபத்தொரு தடவை பார்த்தீங்க. அறுபத்திரண்டாவது தடவை வேற யாரும் பார்த்துடக் கூடாதுன்னு காவல் காக்குறீங்க.”

இப்போது வலது பக்கம் சிரித்தது. பொத்தான்காரர் சிரிக்கவில்லை. இந்தச் சார்ஜர் பேச்சு நாலு வருடமாக நடக்கிறது. நோட்டில் எழுதி எழுதி அவருக்கு அது எந்தப் பக்கத்தில் வரும் என்றுகூடத் தெரியும். ஒருகாலத்தில் இந்த நாடகத்துக்காக மதியமே கடையைப் பூட்டிவிட்டு, உட்கார இடமில்லாமல் தூணில் சாய்ந்து நின்று பார்த்தவர் அவர். இப்போது நாலாவது பாட்டை நினைத்தாலே மெட்டு வருவதில்லை. அந்தப் பாட்டைப் பற்றி டாக்டரம்மா கொடுத்த ஆட்சேபணைதான் வருகிறது.

அன்றைக்கு அவர் தொழில் புத்தியோடு வந்திருந்தார். பதினேழு பாட்டுக்கும் பதினேழு சீட்டு வெட்டி மேசையில் பரப்பினார். “மொத்தமாப் பேசினா விடிஞ்சாலும் முடியாது. ஒண்ணொண்ணா வாங்க.” முதலில் யாரும் கவலைப்படாத சில்லறைப் பாட்டுகளை எடுத்தார். சின்ன விஷயத்துக்கு நாலு தடவை ‘சரி’ சொன்ன வாய், பெரிய விஷயத்துக்கும் அந்தப் பழக்கத்தில் ‘சரி’ சொல்லிவிடும். பட்டுப் பொத்தான் விற்கிற ரகசியமே அதுதான். இவருக்கு ஒரு சரணம் விட்டுக்கொடுத்தால் அவருக்கு ஒரு நடனம். குடைப் பாட்டைச் சுருக்கினால் கடற்கரைப் பாட்டு முழுசாக. நடுவில் யாரோ, “ஒரு நாள் பழசு, ஒரு நாள் புதுசுன்னு போட்டா என்ன?” என்று நல்லெண்ணத்தில் கேட்டுவைத்தார். இரண்டு பக்கமும் சேர்ந்து அவரை உட்காரவைத்தது.

நாலேகாலுக்குப் பதினாறு சீட்டு முடிந்திருந்தது. மிச்சம் ஒன்றுதான், தந்திப் பாட்டு: தந்தியா, போனா. விடாக்கண்டனும் கொடாக்கண்டனுமாக இரண்டு தலைவர்களும் அதில் பத்து நிமிடம் முட்டினார்கள். திடீரென்று கண்டக்டர் தோளைத் தொங்கப்போட்டார்.

“விடுங்க. தந்தியே இருக்கட்டும். வெட்டினது எல்லாத்தையும்கூட ஒட்டிக்குங்க, பழசு அப்படியே நாலு மணி நேரம் ஓடட்டும். எனக்கு ஒரு தடவை கண்ணால பார்க்கணும், அவ்வளவுதான். எழுதிக் கொடுத்துடுங்க சார்.”

பொத்தான்காரர் அந்த இடத்தில்தான் தவறினார். புதிதாகக் கடை போட்டவன்கூடச் செய்யாத தவறு. கேட்ட விலைக்கு உடனே தலையாட்டினால் வாங்க வந்தவருக்கு அன்றைக்குத் தூக்கம் வராது. சரக்கில் ஓட்டையோ என்று சந்தேகம் வந்துவிடும். பொய்யாகவாவது முகத்தைச் சுளித்து, ‘கட்டுப்படியாகாதே’ என்று இரண்டு தடவை புலம்பித்தான் கொடுக்க வேண்டும். அவருக்கு அலுப்பு. “அப்ப முடிஞ்சுது,” என்று பேனாவை எடுத்துவிட்டார்.

“இருங்க,” என்றார் டாக்டரம்மா. “நாற்காலி?”

“என்ன நாற்காலி?”

“அரங்கத்துல இப்ப பஞ்சு நாற்காலி போட்டிருக்காங்க, மரக்கை கிடையாது. ரெண்டாம் அங்கத்துல அவ தந்தி அடிக்கிறப்ப நாம எதுல தட்டுறது?”

அது அந்த நாடகத்து வழக்கம். மேடையில் அவள் தந்தி அடிக்க, ஆயிரம் பேர் விரல்முட்டியால் நாற்காலியின் மரக்கையில் அதே தாளத்தைத் தட்டுவார்கள். அரங்கமே தந்தி அடிப்பது போலிருக்கும்.

“தொடையில தட்டுங்க டாக்டரம்மா,” என்றார் கண்டக்டர்.

“தொடையில சத்தம் வராது. அப்புறம் போஸ்ட்மாஸ்டரா நடிச்சவர் தவறிட்டார். அந்தக் குரல் இல்லாம அதைப் பழசுன்னு எந்த வாயால சொல்றது?”

“அதானே,” என்று வலது பக்கம் ஒருவர் எழுந்தார். “நாற்காலி மாறிடுச்சு, ஆள் மாறியாச்சு. அப்புறம் தந்தி மட்டும் எதுக்கு? போனே போடலாம்.”

அவ்வளவுதான். முடிந்த பதினாறு சீட்டும் மறுபடி முளைத்தன. கண்டக்டரும் சும்மா இருக்க முடியாமல் எழுந்து நின்று பேச ஆரம்பித்தார். அவர் குரலில் ஒரு நிம்மதிகூட இருந்தது. மணி நாலரை.

பொத்தான்காரர் நடுச் சந்து வழியே போய் டாக்டரம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். “நிஜமாச் சொல்லுங்க டாக்டரம்மா. உங்களுக்கு இது வேணுமா, வேண்டாமா?”

டாக்டரம்மா வழக்கத்துக்கு மாறாகக் குரலைத் தாழ்த்தினார். “அறுபத்தொரு தடவையும் நல்லா இருந்துச்சுங்க,” என்றார். “இந்தத் தடவை போய் உட்கார்ந்து, நல்லா இல்லன்னா? அப்புறம் அந்த அறுபத்தொண்ணை நான் என்ன பண்ணுவேன்?”

பொத்தான்காரருக்குக் கோபம் வரவில்லை. கடைக்குத் தினமும் வந்து, பொத்தான்களைத் தொட்டுப் பார்த்து, விலை கேட்டு, ‘நாளைக்கு வர்றேன்’ என்று போகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அவர்களுக்குப் பொத்தான் தேவையில்லை. கடை இருந்தால் போதும். அவர்களை அவர் ஒரு நாளும் விரட்டியதில்லை. ஆனால் அவர்களுக்காகவே கடையைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா? அவருக்காக மகள் ஊரில் ஒரு வீடு இருக்கிறது. அதில் ஒரு மாடி ரூம் இன்றைக்கு ராத்திரி வரைக்கும்தான் காலி.

அவர் மேசைக்குத் திரும்பி மன்றத்து முகவரி அச்சிட்ட தாள் ஒன்றை எடுத்தார். உயிலில் இருப்பது செயலாளரின் சம்மதம். மன்றத்தின் சம்மதம் இல்லை. இது அவருக்குப் பத்தொன்பது வருடமாகத் தெரியும். எல்லோரையும் கேட்டுச் செய்வதுதான் முறை என்பதால் கேட்டுக்கொண்டிருந்தார். ‘தங்கள் விருப்பம்போல் மேடையேற்றிக்கொள்ள முழுச் சம்மதம்,’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார். போனில் படம் பிடித்து இயக்குநருக்கு அனுப்பினார். அரை நிமிடத்தில் பதில் வந்தது. நன்றியும், ஒரு தேதியும்.

“ஒரு நிமிஷம்,” என்றார். யாரும் கேட்கவில்லை. மேசையைத் தட்டினார். “நான் எழுதிக் கொடுத்துட்டேன்.”

“என்னன்னு?” என்றார்கள் இரண்டு பக்கமும்.

“அவர் இஷ்டம்னு.”

முதல் தடவையாக அந்த அறை ஒரே குரலில் பேசியது. துரோகம் என்றது ஒரு மூலை. கேட்காமல் கொள்ளாமல் விற்றுவிட்டான் என்றது இன்னொரு மூலை. வியாபாரி புத்தியைக் காட்டிவிட்டார் என்றார் ஒருவர், அதைப் பொத்தான்காரர் மனசுக்குள் ஒப்புக்கொண்டார். சத்தம் அடங்குவதற்காகக் காத்திருந்து, “பிடிக்கலன்னா என்னை நீக்கிடுங்க. விலகத்தான் விதி இல்ல. நீக்க விதி இருக்கு, பதினொண்ணாவது,” என்றார்.

டாக்டரம்மா எழுந்து முன்மொழிந்தார். கண்டக்டர் வழிமொழிந்தார். மொழிந்த பிறகுதான் தாங்கள் ஒரே பக்கம் நிற்பதைக் கவனித்து இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தீர்மானத்தை எழுத வேறு ஆள் இல்லாததால் பொத்தான்காரரே எழுதினார். கைகளை எண்ணினார், முப்பத்தொன்று. தன் கையையும் தூக்கி முப்பத்திரண்டு என்று எழுதி, ‘ஏகமனதாக’ என்று சேர்த்தார். மன்றத்தின் வரலாற்றில் அந்த வார்த்தையை எழுதியது அதுதான் முதல் தடவை.

நோட்டை மூடி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார். உள்ளே, அடுத்த செயலாளர் யார் என்ற பேச்சுக்கு யாரும் கை தூக்கவில்லை. பிறகு யாரோ நாற்காலிக் கை விஷயத்தை எடுத்துவிட்டார்கள். பேச்சு பழையபடி சூடு பிடித்தது.

படியில் நின்றபடியே மனைவிக்குப் போன் செய்தார்.

“என்னை நீக்கிட்டாங்க.”

“எதுலேருந்து?”

“மன்றத்துலேருந்து. ஒரேயடியா. ரூமை யாருக்கும் விட வேண்டாம்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லு. திங்கட்கிழமை கிளம்பி வர்றேன்.”

அந்தப் பக்கம் ஒரு பிள்ளை அழுதது. அவள் அதைச் சமாதானப்படுத்திக்கொண்டே, “நிஜமாவா?” என்றாள். “என்ன பண்ணீங்க?”

அவர் சொன்னார். அவள் முழுசாகக் கேட்டாள். அழுத பிள்ளை அடங்கியது. தூங்கிய பிள்ளை விழித்து அழ ஆரம்பித்தது.

“அப்ப நாடகம் போடப்போறாங்களா?”

“மூணு மாசத்துல.”

“பழசாவா, மாத்தியா?”

பொத்தான்காரர் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தார். “அவர் இஷ்டம்னு எழுதிட்டேன்மா.”

“அதெப்படி எழுதலாம்? அந்தக் குடைப் பாட்டுல கையை வெச்சா நான் வர மாட்டேன். அஞ்சு தடவை பார்த்திருக்கேன் நானும். பத்தொன்பது வருஷமா ஊர்ல உள்ளவங்களை எல்லாம் கூப்பிட்டுக் கேட்டீங்களே, வீட்டுல இருக்கறவளை ஒரு நாள் கேட்டீங்களா?”

கேட்டதில்லை. அவர் படியில் உட்கார்ந்தார். கீழே டயர் கடையில் காற்றடிக்கிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. முழங்கால் வலித்தது, காலையிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடவும் இல்லை.

“சொல்லு,” என்றார். “குடைப் பாட்டு எப்படி இருக்கணும்?”