காவல்காரன் வாசித்த ஆறு எண்கள்

ஃபிஜியின் நவ்சோரி ஊரில், வங்கிக் கிளையின் வாசலில் ஆளுயரச் சுவரொட்டி ஒன்று உண்டு. நீலச் சட்டையும் இடுப்பில் சுலு வேட்டியும் அணிந்து, வலது உள்ளங்கையை ‘நில்’ என்று நீட்டியபடி அதில் நிற்பவன் அமினியாசி. கீழே கொட்டை எழுத்தில், ‘போனுக்கு வரும் ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்’. பத்தொன்பது வருஷமாக அந்த வாசலில் காவல் நிற்பவன் என்பதால் மேலிடத்தார் அவனையே படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. வரிசையில் நிற்பவர்களுக்கு, கேட்டாலும் கேட்காவிட்டாலும், உபதேசம். மீன் வாங்கப் போனால் மீன்காரிக்கும் உபதேசம்.

அந்தச் சுவரொட்டிக்கு நேர் கீழே நின்றுகொண்டுதான், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, அவன் தன் ரகசிய எண்ணை எவனோ ஒருவனுக்கு வாசித்துக் காட்டினான்.

“மாமா, என்னைத் தெரியுதா?” என்றுதான் போன் ஆரம்பித்தது.

இப்படிக் கேட்டால் என்ன செய்வது? அமினியாசிக்கு அக்கா தங்கை ஐந்து பேர். அவர்கள் பெற்றதை அவர்களே இன்னும் எண்ணி முடித்தபாடில்லை. அக்கா தங்கை பிள்ளை வந்து கேட்டால் மாமன்காரன் இடுப்பில் இருக்கும் சுலுவைக்கூட அவிழ்த்துக் கொடுக்க வேண்டும், ஃபிஜி வழக்கத்தில் அது அந்தப் பிள்ளையின் பிறப்புரிமை. மருமகனைப் பார்த்து ‘நீ யாருடா’ என்று கேட்டால் கேட்டவனுக்குத்தான் அசிங்கம். அந்த அக்காவின் காதுக்கு விஷயம் போனால் அடுத்த கல்யாணத்தில் அவனுக்குப் பாயில் இடம் இருக்காது.

“சகேயாசியா?” என்று அவனே எடுத்துக் கொடுத்தான்.

“பரவாயில்லையே மாமா, ஞாபகம் வெச்சிருக்கீங்க. சகேயாசிதான்.”

“குரல் ஒரு மாதிரி இருக்கே.”

“சளி மாமா.”

“லவ்டோகாவுலதானே இருக்கே?”

“ஆமா மாமா, லவ்டோகாவேதான்.”

பெயரைக் கொடுத்தாயிற்று, ஊரையும் கொடுத்தாயிற்று. திருடனுக்கு அவன் வேலையை இவ்வளவு சுளுவாக்கிக் கொடுத்த காவல்காரன் ஃபிஜியிலேயே அமினியாசி ஒருத்தனாகத்தான் இருப்பான்.

“என் போன் தண்ணில விழுந்துடுச்சு மாமா. கம்பெனில சம்பளம் போட உங்க நம்பரைக் குடுத்திருக்கேன். இப்ப ஒரு ஆறு எண் வரும். அதை மட்டும் சொல்லிடுங்க.”

“இரு, கண்ணாடியை எடுத்துக்கறேன்.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிதானமாகச் சொன்னான். சரியாகக் கேட்டதா என்று விசாரித்து, இன்னொரு தடவையும் சொன்னான். செய்வதைத் திருந்தச் செய்கிற ஆள்.

ஐந்து நிமிஷம் கழித்துச் செய்தி வந்தது. கணக்கிலிருந்து முந்நூறு டாலர் போயிருந்தது.

அது கூரைக்கு வைத்த பணம். பிப்ரவரிப் புயல் வீட்டுத் தகரத்தைப் பாதிக்கு மேல் பிய்த்துக்கொண்டு போனதிலிருந்து நீலத் தார்ப்பாய்க்குக் கீழேதான் குடித்தனம். மனைவி லவேனியா சந்தையில் சேம்பிலை விற்றதும் அவன் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததுமாக இரண்டாயிரத்து நூறு சேர்ந்திருந்தது. அடுத்த புயல் மாதத்துக்கு இன்னும் மூன்று வாரம். தகரத்துக்குச் சொல்லியும் வைத்தாயிற்று.

மேனேஜர் ரேஷ்மி மேடத்தின் மேஜை வாசலிலிருந்து பதினைந்து எட்டு நடைதான். ஆனால் நடுவில் நாற்பது பேர் வரிசை நின்றது, அதில் பாதிப் பேர் அவனிடம் உபதேசம் வாங்கியவர்கள். ‘ஏதாவது கோளாறாக இருக்கும், தானே சரியாகிவிடும்’ என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டு ஒரு கிழவிக்குக் கதவைத் திறந்துவிட்டான். இன்னொரு முந்நூறு போனது. ‘அட எருமை, போய்ச் சொல்லித் தொலையேன்’ என்று தன்னையே வைதுகொண்டு, ஒருவருக்குப் படிவம் எடுத்துக் கொடுத்தான். மூன்றாவது முந்நூறும் போனது. அப்புறம்தான் கால் நகர்ந்தது.

“என்ன அமினி?” என்றாள் ரேஷ்மி மேடம்.

அவன் குனிந்து என்னமோ முனகினான்.

“காதுல விழல. சத்தமா சொல்லுங்க.”

“நான் எண்ணைச் சொல்லிட்டேன் மேடம்.”

வரிசையே திரும்பிப் பார்த்தது. முன்னால் நின்ற டாக்ஸிக்காரர், “எந்த எண்ணு?” என்று கேட்டார்.

“சொல்லக்கூடாதுன்னு உங்ககிட்ட தினம் சொல்வேனே, அந்த எண்ணு.”

ரேஷ்மி மேடம் சிரிக்கவில்லை. உடனே கணக்கை முடக்கினாள். ஆயிரத்து இருநூறு தப்பியது. “போனது திரும்ப வரும்னு நான் வாக்குக் குடுக்க முடியாது. முதல் மெசேஜுக்கே வந்திருந்தா முந்நூறோட போயிருக்கும் அமினி” என்றாள். ஏமாந்ததற்கு முந்நூறு, வெட்கத்துக்கு அறுநூறு. அந்தக் கணக்குதான் அவனை அன்று முழுக்கக் குத்திக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது, வங்கியின் மெஷினில் கோளாறு என்று லவேனியாவிடம் சொல்ல ஒரு பொய்யை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனான். மூன்று வாரத்தில் புயல் மாதம், அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

லவேனியா அடுப்படியில் சேம்பிலையைத் தேங்காய்ப்பாலில் வேகவிட்டுக்கொண்டிருந்தாள். அவன் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

“காலைல ஒருத்தன் போன் பண்ணினான். ‘அத்தை, என்னைத் தெரியுதா’ன்னு. உங்க அக்கா பசங்க யாரோன்னு நெனச்சேன், யாருன்னு கேக்க வாய் வரல. ஏதோ எண்ணு வரும் சொல்லுங்கன்னான். நீங்க சொன்னதெல்லாம் ஞாபகம் வந்துச்சு, பயமாப் போச்சு.”

“அப்புறம்?”

“மூஞ்சில அடிச்ச மாதிரி முடியாதுன்னு சொல்லவும் தெரியல. உங்க நம்பரைக் குடுத்துட்டேன். ‘மாமா பேங்குலதான் நிக்கிறார், அவர்கிட்ட பேசு’ன்னேன். இவரை எவனும் ஏமாத்த முடியாதுன்னு நிம்மதியா சந்தைக்குப் போயிட்டேன்.” கரண்டியைத் தட்டிவிட்டுத் திரும்பினாள். “கூப்பிட்டானா?”

“கூப்பிட்டான்.”

“நல்லா நாலு கேள்வி கேட்டீங்களா?”

தன்னை இவ்வளவு நம்பியவளிடம் ஒத்திகை பார்த்த பொய்யைச் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை.

“நான் சொன்னது சரியாக் கேட்டுச்சான்னு கேட்டேன்” என்றான். “அப்புறம் தொள்ளாயிரம் டாலரைக் குடுத்தேன்.”

லவேனியா அடுப்பைத் தணித்தாள். வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் தலையைத் தூக்கவில்லை.

“மிச்சம் எவ்வளவு?”

“ஆயிரத்து இருநூறு.”

அவள் அண்ணாந்து தார்ப்பாயை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்து மனசுக்குள் கணக்குப் போட்டாள்.

“அடுப்படிக்கும் நான் படுக்கிற பக்கத்துக்கும் தகரம் போட்டுடலாம்” என்றாள். “நீங்க படுக்கிற பக்கம் தார்ப்பாயே இருக்கட்டும்.”