ஒனெய்தாவின் பாட்டுகளுக்கு ஒரு நகல்

கரண்டு வந்ததும் தெரு முழுக்க "வந்துருச்சு" என்று கூவியது. ஒனெய்தாவின் உடலைக் கிடத்தியிருந்த வீட்டில் மட்டும் யாரும் கூவவில்லை. அந்த அமைதியில், கூடத்து மூலையில் கம்ப்யூட்டர் பட்டென்று வெடித்தது எல்லோருக்கும் கேட்டது. கருகிய வாடை மெழுகுவர்த்தி வாடையோடு கலந்தது.

அதை அவசரமாகச் செருகிய மகன் ராதாமேஸ் சுவரோரம் குந்தியபடியே இருந்தான். தலைநகரத்தில் இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் இருந்து பழகியவன். இந்தப் பானி ஊரில் கரண்டு ஏறி இறங்கும் என்பதால், வந்த கையோடு யாரும் எதையும் செருகமாட்டார்கள். பல்பு துடிப்பது அடங்கி, ஒரு வாய் காபி குடித்த பிறகுதான் ஐஸ்பெட்டிக்கே கை போகும்.

"உங்கம்மா செத்தும் அவ பேச்ச நீ கேக்கல பாரு," என்றாள் பக்கத்து வீட்டுக் கிரிசெல்தா.

அவன் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அந்த ஊரில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் மாதாவுக்குச் சால்வே என்னும் வேண்டுதல் பாட்டுகளைப் பாடுவது ஒனெய்தாதான். அவள் ஓர் அடி பாட, மற்றப் பெண்கள் எதிரடி பாடுவார்கள். இப்போது அவளே பெட்டியில் கிடக்க, அடி எடுத்துக் கொடுக்க ஆளில்லை. காலையில் கிரிசெல்தா தொடங்கிப் பார்த்தாள். பாதியில் இரண்டு பாட்டுகளைக் கலந்துவிட்டு முந்தைய அடிக்கும் திரும்ப முடியாமல் நிறுத்திக்கொண்டாள். சால்வே இல்லாமலா ஒனெய்தாவைத் தூக்குவது என்று அடுப்படியில் பேச்சு எழுந்தது. தவக்காலத்தில் அவள் அத்தனை பாட்டையும் பாடி அந்தக் கம்ப்யூட்டரில் பதிந்து வைத்தது அப்போதுதான் அவர்களுக்கு நினைவு வந்தது.

"எல்லாம் போச்சு," என்றான் ராதாமேஸ், சித்தி மகள் மிலேதிஸைப் பார்த்து.

"போகல அண்ணா. நகல் இருக்கு."

"நீ போட்டுக் குடுத்தியே, அந்தச் சின்னப்புள்ள புரோகிராமா? கரண்டு போனா வீட்ல இருக்கிற எல்லாத்தையும் புடுங்கிப் போடுறவங்க அம்மா. அவங்க எங்க நகல் எடுக்க?"

"அதனாலதான் அந்தப் புரோகிராமத் தேர்ந்தெடுத்தேன். கரண்டு வந்தா எல்லாத்தையும் திரும்பச் செருகுவாங்கல்ல? பெரியம்மாவுக்கு ஐஸ்பெட்டியும் ஒண்ணுதான், நகல் எடுக்க நான் குடுத்த டிஸ்க்கும் ஒண்ணுதான். செருகினா அது பாட்டுக்கு எடுத்துக்கும்."

மிலேதிஸ் அதைச் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. மூன்று மென்பொருள்களைத் தன் மெஷினில் போட்டுப் பார்த்தாள். முதலாவது தினமும் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டது. பெரியம்மா பயந்து எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்றுதான் அமுக்குவாள். ராதாமேஸ் சொன்ன இரண்டாவது, இணையம் வழியே எங்கோ தொலைவில் சேமிக்கும். இணையம் அந்தத் தெருவுக்கு விருந்தாளி மாதிரி. மூன்றாவதில் ஒன்றுமே செய்ய வேண்டாம். டிஸ்க்கைச் செருகினால் புதியதை மட்டும் எடுத்துக்கொண்டு, முடிந்தது என்று ஸ்பானிஷில் ஒரு வரி காட்டும். எடுத்த நகலைத் திறக்க அந்த மென்பொருளே தேவையில்லை. எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும். வேண்டுமென்றே ஒரு படத்தை அழித்து, திரும்பக் கொண்டுவந்து பார்த்த பிறகே பெரியம்மா வீட்டில் போட்டாள்.

நேற்று கரண்டு போனபோது பெரியம்மா வழக்கப்படி எல்லாவற்றையும் பிடுங்கியிருந்தாள். அதற்குப் பிறகு அவள் எதையும் செருகவில்லை. அதனால் தப்பிய டிஸ்க் மேசைமேல், தன் வயர் சுற்றியபடி கிடந்தது.

மிலேதிஸ் தன் மடிக்கணினியில் அதை மாட்டினாள். ராதாமேஸ் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான். பெரியம்மா பெயர் வைத்தபடியே பாட்டுகள் வரிசையாக வந்தன: கிரிசெல்தாவுக்குப் பிடித்தது, மழைக்கு, சாவு வீட்டுக்கு.

"உன்னோடது சின்னப்புள்ள புரோகிராம் இல்ல," என்றான்.

மடிக்கணினியைப் பெட்டியின் தலைமாட்டில் வைத்தார்கள். ஒனெய்தா பாடினாள். ஒவ்வோர் அடிக்கும் பின்னால், எதிரடிக்குச் சரியாக இடம் விட்டிருந்தாள். முதல் இடைவெளியில் யாருக்கும் குரல் வரவில்லை. இரண்டாவதில் கிரிசெல்தா பாடினாள். மூன்றாவதில் கூடம் முழுக்கப் பாடியது.

பதிவின் நான்காவது அடியில் ஒனெய்தாவுக்கு இருமல் வந்தது. கிரிசெல்தா வழக்கம்போல, பாடிக்கொண்டே ஒரு தம்ளரில் தண்ணீர் ஊற்றி எழுந்து, பெட்டிவரை போய் நின்றாள். இருமல் அடங்கிப் பாட்டு தொடர்ந்தது. தம்ளரை இறக்காமல் அவள் எதிரடியைப் பாடினாள்.