வீட்டு கேட்

மாசி மாதம் லூபோக் சீனா ஊர்ப் பக்கத்து இரும்பாலை ஒன்றில், பழைய இரும்போடு கதிரியக்கக் கோபால்ட் உருளையும் சேர்ந்து உருகி, கம்பிகளாக விற்பனைக்குப் போய்விட்டது. மூன்று மாதமாக நகராண்மைக் கழகத்தார் சுற்றுவட்டார வீடுகளில் மேல்மண்ணைச் சுரண்டி லோரியில் ஏற்றினார்கள். பிறகு அந்த ஆலைக் கம்பிகளைத் தேடி எங்கள் தோட்டத்து முனியாண்டி கோயிலுக்கு வந்தார்கள்.

சுகாதார அதிகாரி நளினி நீட்டிய கருவி, சூலத்தின் அருகே விடாமல் கத்தியது. அந்தச் சூலத்தில் 'அங்கமுத்து குடும்பத்தார் உபயம்' என்று வெட்டியிருக்கும். அங்கமுத்து என் தகப்பனார். சித்திரைத் திருவிழாவுக்குப் புதுக் கம்பி வாங்கி அதைச் செய்து வைத்தவன் நான்.

"மிச்சக் கம்பி எங்க?" என்றார் நளினி.

"மிச்சமே இல்ல மேடம். சூலத்துக்கே சரியாப் போச்சு லா," என்றான் கோயில் தலைவர் திலீபன். என் தம்பி மகன். ஒரே வீட்டில் இருக்கிறோம்.

மிச்சத்தில்தான் எங்கள் வீட்டு கேட் செய்தோம். அவனைப் பார்த்தேன்.

"பேசாம இருங்க பெரியப்பா," என்று முணுமுணுத்தான். "வெள்ளிக்கிழமை தங்கா பத்து ஊர்லேருந்து பொண்ணு பார்க்க வர்றாங்க. வாசல்ல மஞ்சள் நாடா கட்டிட்டா தர்ஷினிய யாரு கட்டுவா?"

அவன் மகள் தர்ஷினி தினமும் அந்த கேட்டில் சாய்ந்துகொண்டுதான் பஸ்ஸுக்கு நிற்கிறாள். அதோடு, அங்கமுத்துவின் பேரன் பொய் சொல்வதை நான் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது.

"எழுதிக்கம்மா. மிச்சம் எங்க வீட்டு கேட்ல இருக்கு. இவனுக்கு ஞாபகம் இல்ல," என்றேன்.

நளினி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

அன்று மதியமே கேட்டைக் கழற்றினார்கள். தெருவே கூடி நின்றது.

"என்னய்யா, கேட்டையே ஜப்தி பண்ணிட்டாங்களா?" என்றார் எதிர்வீட்டு இருளாண்டி.

"நான் கூப்பிட்டுத்தான் வந்தாங்க," என்றேன். லோரி போகும்வரை வாசலிலேயே நின்றேன். திலீபன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை வந்த மாப்பிள்ளையின் தகப்பனார் தனபாலன், உட்காருவதற்கு முன்பே, "வாசல்ல கேட்டு இல்லீங்களே?" என்றார். திலீபன் தலையைக் குனிந்துகொண்டான். நடந்ததை நான் சொன்னேன்.

அவர் மனைவி அவர் முகத்தைப் பார்த்தார். யாரும் காபியைத் தொடவில்லை.

"எப்ப வாங்கின கம்பி?" என்றார் தனபாலன்.

"மாசிக் கடைசியில."

"எங்க வீட்டு ஜன்னல் கம்பியும் அப்பப் போட்டதுதான்," என்றார். "அந்த அதிகாரி நம்பர் இருக்குங்களா?"

கொடுத்தேன். வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார். காபியை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"பொண்ண வரச் சொல்லுங்க," என்றார்.