பரமசிவத்துடன் வந்தவர்

கூட ஒரு ஆள் இல்லாமல் எண்டோஸ்கோப்பி அறைக்குள் யாரையும் விடமாட்டார்கள். மயக்க ஊசி போடுகிறார்களாம். எழுந்திருக்கும்போது பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டுமாம். இருதயப் பிரிவிலும் இதே கதைதான். தில்லியில் தனியாகக் கிடக்கும் கிழடுகளுக்கு நோய்கூடப் பெரிய விஷயமில்லை, இந்த அட்டெண்டன்ட் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு.

இன்பராணிக்குப் பரமசிவம் அறிமுகமானதே அப்படித்தான். ஆஸ்பத்திரியின் மருந்து வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்று போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார்.

“ஆளைக் கூட்டிட்டு வாங்கிறாய்ங்க. ஆளுக்கு நான் எங்கிட்டுப் போறது? ஐ.என்.ஏ. மார்க்கெட்டுல முருங்கைக்காயோட சேர்த்துக் கட்டுக்கட்டாவா விக்கிறாய்ங்க?”

அவள் சிரித்துவிட்டாள். அவர் போனை வைத்துவிட்டு, “தமிழா? மன்னிச்சுக்கங்க, சத்தமாப் பேசிட்டேன்” என்றார்.

“எனக்கும் அதே தொந்தரவுதான் சார். ஆஞ்சியோவுக்குத் தேதி கொடுத்திருக்காங்க. கூட வர ஆளில்லை.”

லக்ஷ்மிபாய் நகர் தமிழ்ப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் என்று தெரிந்ததும் அவருக்கு மரியாதை கூடிவிட்டது. அவர் மத்திய அரசில் செக்ஷன் ஆபீசராக இருந்தவர். மதுரைக்காரர். மனைவி போய் ஆறேழு வருஷம். கோட்லாவில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தார். மருந்து கைக்கு வருவதற்குள் அவரே வழியும் சொல்லிவிட்டார்.

“உங்களுக்கு நான், எனக்கு நீங்க. ஆபீசுல மியூச்சுவல் ட்ரான்ஸ்பர்னு ஒண்ணு உண்டு டீச்சர். அது மாதிரி வச்சுக்கங்க.”

முதல் முறை வியாழக்கிழமை, அவருடைய எண்டோஸ்கோப்பி. அடுத்த செவ்வாய்க்கிழமை அவளுடைய ஆஞ்சியோ.

வியாழக்கிழமை அவருடைய செருப்பையும் கண்ணாடியையும் பிளாஸ்டிக் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தாள். கதவைத் திறந்து ஒரு நர்ஸ் கூப்பிட்டாள்.

“பரமசிவம் கே சாத் கௌன் ஹை?” பரமசிவத்துடன் வந்தது யார் என்று கேட்கிறாள்.

உள்ளே இருந்த டாக்டருக்கு ஜெரால்டைவிட வயது குறைவாக இருக்கும். ஜெரால்டு அவளுடைய ஒரே மகன், மெல்போர்னில் இருக்கிறான். டாக்டர் அவளை உட்காரச் சொல்லி, என்ன உறவு என்று கேட்டார். “பெஹன்” என்றாள். முன்னமே பேசி வைத்திருந்த பொய். தங்கை என்றதும் அவர் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பிவிட்டார்.

வயிற்றில் கட்டி. சதை எடுத்து அனுப்பியிருக்கிறோம், அடுத்த வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் வரும், ஆனால் பெரிய சந்தேகம் ஒன்றும் இல்லை. போன வாரம் எடுத்த ஸ்கேனிலேயே கல்லீரல் முழுக்கப் பரவியிருக்கிறது. ஆபரேஷனுக்கு இடமில்லை. சில மாதங்கள்தான், மாதாஜி. இதெல்லாம் இந்தியில் மெதுவாக, நல்ல பிள்ளையாகச் சொன்னார். கடைசியில், “அவரிடம் இப்போது சொல்ல வேண்டாம். உடைந்துபோவார். வீட்டில் எல்லாருமாகப் பேசி முடிவெடுங்கள்” என்றார்.

வீட்டில் எல்லாருமாக. இன்பராணி தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். இரண்டு வாரம் முன்னால்வரை அந்த மனுஷன் யாரென்றே தெரியாது. அவருடைய சாவு இப்போது அவளுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

அவரை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கண்ணைத் திறந்ததும் முதலில் கண்ணாடியைக் கேட்டார். மாட்டிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

“என்ன டீச்சர், உள்ள பழைய பைல் எதுவும் சிக்கியிருக்கா?”

“சதை எடுத்திருக்காங்க. அடுத்த வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் வரும்.”

“அம்புட்டுதானா? நாலு மணி நேரம் பட்டினி போட்டாய்ங்களே, பாவிக.”

ஆட்டோவில் ஏறும்போது அவள் கையைப் பிடிக்கக் கூச்சப்பட்டு அவள் பையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். கோட்லா முனையில் இறங்கி, “செவ்வாய்க்கிழமை காலையில ஏழு மணிக்கு முனிர்காவுல உங்க வாசல்ல நிப்பேன். எனக்காக நீங்க உக்காந்த பெஞ்சுல நான் உக்கார வேணாமா?” என்றார்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் அவள் சும்மா இருந்தாள். சும்மா இருப்பதற்கு எவ்வளவோ காரணம் கிடைத்தது. டாக்டரே சொல்ல வேண்டாமென்றார். நான் யார் சொல்வதற்கு. ரிப்போர்ட் வந்தால் தானாகத் தெரியப் போகிறது. எல்லாமே நல்ல காரணங்கள். எல்லாமே செவ்வாய்க்கிழமைக்கு அப்பால் போய் நின்றன. அதை அவள் கவனிக்காமல் இல்லை. சொன்னால் அந்த மனுஷன் எந்த நிலையில் வந்து பெஞ்சில் உட்காருவார்? அவர் வராவிட்டால் அவள் தேதி போய்விடும். அடுத்த தேதிக்கு எத்தனை மாதம் ஆகும் என்று ஆஸ்பத்திரிக் கவுண்டரில் நின்றவர்களுக்குத் தெரியும். இப்போதே மாடி ஏறினால் இடது தோளில் யாரோ கைவைத்து அழுத்துவது போலிருக்கிறது.

ஜெரால்டிடம் அவள் தன் நெஞ்சு விஷயத்தைப்பற்றி மூச்சுவிடவில்லை. அவன் ஏற்கெனவே நாகர்கோவில் பக்கத்தில் ஒரு முதியோர் விடுதியின் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தான். புல்வெளி, பூச்செடி, சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சிரிக்கிற நர்ஸ். “சும்மா பாருங்கம்மா” என்று கீழே எழுதியிருப்பான். அடைப்பு இருக்கிறது என்று தெரிந்தால் சும்மா பார்க்கச் சொல்லமாட்டான்.

அவளுடைய கணவர் தேவநேசன் இறந்தபோது இதே மாதிரி ஒரு சங்கதி நடந்தது. அல்சர் என்று அவளிடம் சொன்னார்கள். நாலு மாதம் அவள் அல்சருக்குத்தான் சமைத்தாள். சாப்பிடாமல் தட்டைத் தள்ளினால் திட்டினாள். “சின்னப்பிள்ளை மாதிரி அடம்பிடிக்கியளே” என்று கத்தினாள். அது அல்சர் இல்லை என்பது அப்பாவுக்கும் மகனுக்கும் மட்டும் தெரிந்திருந்தது. அடக்கம் முடிந்த பிறகு ஜெரால்டு, “அப்பாதாம்மா சொல்ல வேண்டாம்னாங்க” என்றான். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். ஆனால் அந்த நாலு மாதத்தை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டார்கள். தெரிந்திருந்தால் திட்டியிருக்க மாட்டாள் என்றுகூட இல்லை. தெரிந்து திட்டியிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுப் பூட்டைத் திறந்துகொண்டிருக்கும்போது பரமசிவம் போன் செய்தார். குரலில் நல்ல உற்சாகம்.

“டீச்சர், மதுரையில இருந்து எம் மக அகல்யா போன் போட்டா. பேத்திக்கு லீவு முடியப் போகுதாம். தாத்தாவை வரச் சொல்லி ஒரே அழுகையாம். நாளைக்கே பிளைட்டுக்கு டிக்கெட் போடுறேன்னா. நான் வேணாம்னுட்டேன்.”

“ஏன் சார்?”

“ஏனா? செவ்வாய்க்கிழமை டூட்டி இருக்குல்ல. தீபாவளிக்கு வர்றேன், பேத்திகிட்டச் சொல்லுன்னுட்டேன். தீபாவளி என்ன தூரத்துலயா இருக்கு?”

இன்பராணி சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டு நின்றாள். அப்போது மே மாதக் கடைசி.

“சார், வீட்லதான இருக்கிய? நான் வாரேன்” என்றாள்.

கோட்லாவில் அவர் அறை மூன்றாவது மாடி. இரண்டாவது மாடியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். கதவைத் திறந்தவர் பனியனோடு இருந்தார். அவளைப் பார்த்ததும் உள்ளே ஓடிச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, கட்டிலில் காயப் போட்டிருந்த துணிகளைச் சுருட்டி ஓரத்தில் வைத்தார். ஒரே நாற்காலியை அவளுக்குப் போட்டார்.

“டீ போடவா? இந்த வெயில்ல எதுக்கு டீச்சர் மாடியேறி...”

“உக்காருங்க சார்.”

கணக்கு டீச்சர் குரல் அது. அவர் கட்டிலில் உட்கார்ந்தார். அவள் டாக்டர் சொன்னதை வரிசையாக, கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். கட்டி, கல்லீரல், சில மாதங்கள். சொல்லும்போது சுவரைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

அவர் எழுந்து போய் மின்விசிறியை வேகமாக வைத்தார். பிறகு குறைத்தார்.

“வியாழக்கிழமையே தெரியுமா?”

“தெரியும்.”

“ஆட்டோவுல நான் எம்புட்டுப் பேசினேன். கூட உக்காந்து கேட்டுட்டு வந்தீங்க.”

“ஆமா.”

“டாக்டர் சொல்லக் கூடாதுன்னானா?”

“சொல்ல வேண்டாம்னார். அதுக்காக நான் சும்மா இருக்கலை சார். செவ்வாய்க்கிழமை நீங்க வரணும். அதுக்காகத்தான் இருந்தேன்.”

அவர் அவளை முதல் முறையாகப் பார்ப்பது போலப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. வெளியே போகச் சொல்வார் என்றே நினைத்தாள்.

“அப்ப இன்னைக்கி மட்டும் எதுக்கு வந்தீங்க? ரெண்டு நாள் பொறுத்திருந்தா உங்க காரியம் முடிஞ்சிருக்குமே.”

“தீபாவளின்னு சொன்னீங்க.”

அவர் சட்டைப் பித்தானைத் தப்பும் தவறுமாகப் போட்டிருந்ததை அப்போதுதான் பார்த்து, அவிழ்த்துத் திரும்பப் போட ஆரம்பித்தார். பாதியில் விட்டுவிட்டார்.

“உங்க மகன்கிட்டச் சொல்லிட்டீங்களா, நெஞ்சு விஷயம்?”

“இல்லை.”

“பெறகென்ன? எனக்கு மட்டும் சொல்ல வந்துட்டீங்க, பெரிய அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணு” என்றார். சொல்லும்போதே குரல் உடைந்து அழுதார். அவளுக்கு எழுந்து போய்த் தோளைத் தொடலாமா என்று தெரியவில்லை. நாற்காலியிலேயே இருந்தாள். இருக்க மட்டும்தான் முடிந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து அவளிடம் நீட்டினார். “அகல்யா நம்பர் இதுல இருக்கும். நீங்க பேசுங்க. என்னால முடியாது.”

அகல்யா தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். “ஹலோ, பப்பா? என்ன, மைண்ட் சேஞ்ச் பண்ணிட்டீங்களா?” என்று ஆரம்பித்தாள். வேறு குரலைக் கேட்டதும், “ஆன்ட்டி, நீங்க யாரு? பப்பா டீக் இருக்காரா, நல்லா இருக்காரா?” என்றாள்.

இன்பராணி, “அப்பாகூட ஆஸ்பத்திரிக்குப் போனவம்மா” என்றாள். அதற்கு மேல் தன்னைப்பற்றிச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. மிச்சத்தைச் சொன்னாள்.

மறுநாள் மதியமே அகல்யா வந்து இறங்கிவிட்டாள். சாயங்கால விமானத்தில் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. விமான நிலையத்திலிருந்து பரமசிவம் கூப்பிட்டார்.

“நாளைக்கி யாரு கூட வருவாங்க டீச்சர்?”

“பாத்துக்கிடுதேன் சார்.”

“பொய்.”

“ஆமா.”

செவ்வாய்க்கிழமை வெறும் வயிற்றோடு தனியாகப் போனாள். இருதயப் பிரிவு சிஸ்டர் நல்லவள், கோட்டயத்துக்காரி. டாக்டரிடம் இரண்டு முறை போய்க் கேட்டுப் பார்த்தாள். முடியாது என்றுவிட்டார்கள். ஆகஸ்ட் கடைசியில் ஒரு தேதி போட்டுக் கொடுத்தாள். அதுவரை மாடி ஏறக் கூடாது, மருந்தை விடக் கூடாது, வலி வந்தால் நாக்குக்கடியில் மாத்திரை வைத்துக்கொண்டு உடனே வந்துவிட வேண்டும் என்றாள். இன்பராணி குடியிருப்பதே இரண்டாவது மாடி. அதைச் சொல்லவில்லை.

சாயங்காலம் பரமசிவம் மதுரையிலிருந்து போன் செய்தார். பின்னால் ஒரு சின்னப் பெண் தாத்தா, தாத்தா என்று எதற்கோ நச்சரித்துக்கொண்டிருந்தது.

“முடிஞ்சதா டீச்சர்?”

“இல்லை சார். ஆகஸ்ட்ல தேதி குடுத்திருக்காங்க.”

“ஆகஸ்டா” என்றார். அவர் மனசுக்குள் எண்ணுவது அவளுக்குக் கேட்டது போலிருந்தது. அவளும் எண்ணினாள். இரண்டு பேரும் விடையைச் சொல்லவில்லை.

“இந்தா, இவ ஒங்ககிட்டப் பேசணுங்கிறா. டீச்சர்னு சொன்னேன், பயப்படுறா” என்று சொல்லிவிட்டுப் போனைக் குழந்தையிடம் கொடுத்தார். குழந்தை பேசவில்லை. மூச்சு விடும் சத்தம் மட்டும் வந்தது. இன்பராணி கட்டிலில் உட்கார்ந்து, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அந்தப் பிள்ளை பேசுமென்று காத்திருந்தாள்.